கிட்டாரைத் தொடங்க வைப்பது எது, தொடர வைப்பது எது?

கேள்வி, பிப்ரவரி 2

ஏழு மாதங்களாகக் கிட்டார் கற்கிறேன். முதல் இரண்டு மாதங்கள் பசிகூட மறந்து வாசித்தேன். இப்போது உறையைத் திறக்கவே மனம் வருவதில்லை. எஃப் கார்ட் (கார்ட் என்றால் பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) வந்த இடத்தில் நின்றுவிட்டேன். "ஆர்வம் இல்லாதவர்கள் கருவியைத் தொடக் கூடாது" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். பல ஆண்டுகளாக வாசிப்பவர்களைக் கேட்கிறேன்: உங்களைத் தொடங்க வைத்தது எது? இன்றுவரை விடாமல் வைத்திருப்பது எது?

பிப்ரவரி 3

உங்கள் ஆசிரியர் சொன்னது தவறு. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

எனக்கும் இதே தீர்ப்பு கிடைத்தது. பத்தொன்பது வயதில் தொடங்கினேன். ஜி, சி, டி, இ மைனர் எல்லாம் இரண்டு மாதங்களில் வந்துவிட்டன. பிறகு எஃப். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்பார்கள். ஆட்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் ஆறு தந்திகள் மீதும் படுக்கவைத்து அழுத்த வேண்டும். அழுத்தினேன். இரண்டு தந்திகள் ஒலிக்கும், நான்கு தந்திகள் கட்டையில் தட்டியதுபோல் "டப்" என்று அடங்கிவிடும். கட்டைவிரலின் அடிச்சதை இரவெல்லாம் வலிக்கும். மூன்று மாதங்கள் இப்படிப் போன பிறகு, "உனக்கு இது கைவராது, உண்மையான ஆசை இருந்திருந்தால் இந்நேரம் வந்திருக்கும்" என்றார் கற்றுக்கொடுத்தவர். நம்பினேன். உறையில் போட்டு அலமாரிக்குப் பின்னால் சாத்திவைத்தேன். பதினோரு ஆண்டுகள் அது அங்கேயே நின்றது.

பின்பு ஒருநாள் கருவி பழுதுபார்க்கும் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூன்றாம் ஃப்ரெட்டில் ஒவ்வொரு தந்தியாக அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இதில் யார் வாசித்தாலும் விரல் வலிக்கும்" என்றார். கழுத்தின் தலைமாட்டில் தந்திகள் தங்கியிருக்கும் சிறு துண்டை நட் என்பார்கள். அதிலுள்ள பள்ளங்கள் போதிய ஆழம் இல்லாமல் இருந்தன. சிறிய அரத்தால் இழைத்துக் கொடுத்தார். அவர் எடுத்தது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அன்று மாலையே எஃப் ஒலித்தது.

அரை மில்லிமீட்டருக்காகப் பதினோரு ஆண்டுகளை இழந்தேன். அதனால்தான் "ஆர்வம் இல்லை" என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கிட்டாரை விட்டவர்களில் பெரும்பாலானோர் விட்டது இசையை அல்ல. ஒழுங்காக அமைக்கப்படாத ஒரு கருவியைத்தான் விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 4

எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போவை, அதாவது எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வியை, மாட்டுங்கள். இப்போது அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடியுங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால் கோளாறு நட்டில் இருக்கிறது. கேப்போ மாட்டிய பின் நட்டின் உயரம் கணக்கில் வராது, அதனால்தான் இந்தச் சோதனை வேலை செய்கிறது. இப்படி ஒரு விரலைப் படுக்கவைத்துப் பிடிப்பதைப் பார் கார்ட் என்பார்கள். ஐந்தாம் ஃப்ரெட்டில் அதே பார் கார்டைப் பிடித்துப் பாருங்கள், இன்னும் எளிது. தந்தி கட்டப்பட்ட முனைக்குப் பக்கத்தில்தான் அழுத்துவது கடினம். எஃப் அந்த முனையை ஒட்டியே வருகிறது. புதிதாகக் கற்பவருக்கு முதல் பார் கார்டாக எஃப்பைக் கொடுப்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஐந்தாம் ஃப்ரெட்டில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வரலாம்.

நீங்களாக அரத்தை எடுக்காதீர்கள். பள்ளம் ஒரு மயிரிழை ஆழமாகிவிட்டாலும் தந்தி ஃப்ரெட்டில் உரசி இரையும். வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். தந்திகளின் தடிமனையும் பாருங்கள். 12இல் (மிக மெல்லிய தந்தியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தொடங்கும் தொகுப்பு மாட்டியிருந்தால் 10இல் தொடங்குவதற்கு மாறுங்கள். ஒலி கொஞ்சம் மெலியும், விரல் நிம்மதியாக இருக்கும்.

பிப்ரவரி 5

தன் கார்டுகள் எல்லாமே புளித்து ஒலிக்கின்றன, தனக்குக் காதே இல்லை என்று ஒருவர் வருந்தியிருக்கிறார். எப்படிச் சுருதி சேர்க்கிறார் என்று கேட்டேன். ஒவ்வொரு தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டையும் அடுத்த தந்தியோடு ஒப்பிட்டுச் சேர்க்கிறாராம். மூன்றாம் தந்தியிலிருந்து இரண்டாம் தந்திக்குப் போகும்போது மட்டும் நான்காம் ஃப்ரெட். அங்கே ஐந்தைப் பிடித்தால் இரண்டாம் தந்தி அரை ஸ்வரம் ஏறிவிடும். அதைப் பின்பற்றி முதல் தந்தியும் ஏறிவிடும். அவர் காது நன்றாக இருக்கிறது. புளிப்பைக் கேட்டறிந்ததே அந்தக் காதுதான்.

பிப்ரவரி 9

3ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். பாதி உண்மைதான் இருக்கிறது அதில்.

இரண்டு பேர் தங்கள் கருவி செம்மையாக இருந்தும் விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். அதை நான் மறுக்க முடியாது, ஏனென்றால் என் வீட்டிலேயே அது நடந்தது. என் மகளின் கிட்டாரை நானே நின்று சரிபார்த்து வாங்கினேன். தந்திகள் வெண்ணெய்போல் இருக்கும். மூன்றே மாதங்களில் வைத்துவிட்டாள். இப்போது நாள் முழுவதும் ஓவியம் வரைகிறாள். விரலில் மை காய்வதற்குள் அடுத்த தாளை எடுக்கிறாள். அவளுக்கு ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிட்டாரிடம் அவளுக்கு வேலை எதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

முள்ளை எடுத்துவிட்டால் நடக்க முடியும். ஆனால் எங்கே போக வேண்டும் என்பதை முள் சொல்வதில்லை. நான் முள்ளைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு, அத்தனை ஆண்டுகள் கழித்து அந்தக் கிட்டாரை ஏன் பழுதுபார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனேன் என்பதைத் தாண்டிப் போய்விட்டேன்.

அக்கா கேட்டார், அதனால்தான். கால் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு என் வீட்டில் இரண்டு மாதங்கள் படுத்திருந்தார். அவர் எப்போதும் பாடுகிறவர். எந்த மேடையிலும் ஏறியதில்லை. வேலை செய்யும்போது பாடுவார். வேலை செய்ய முடியாதபோது இன்னும் அதிகமாகப் பாடினார். ஒருநாள் பாட்டின் நடுவில் நிறுத்தி, "அந்தக் கிட்டார் எங்கே போயிற்று?" என்றார். எடுத்து வந்தேன். துரு ஏறிய தந்திகளில் இரண்டு கார்டுகளை மட்டும் மாற்றி மாற்றி மீட்டினேன். அவர் அதன் மேல் ஏறிப் பாடினார். எனக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது. மறுநாள் காலையிலேயே பழுதுபார்ப்பவரிடம் போய் நின்றேன்.

பிப்ரவரி 10

திருத்தம். அக்கா இதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். பதினோரு ஆண்டுகள் இல்லை, பதின்மூன்று. கால் முறிந்த ஆண்டை அவர் மறப்பாரா?

பிப்ரவரி 17

தொடங்கியதற்கான காரணங்களைப் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவரைக் கவர்வதற்காக, மேடையில் கண்ட ஒருவரைப்போல் நிற்பதற்காக, தனிமையைப் போக்குவதற்காக, அண்ணன் வாசித்ததால், வீட்டில் கருவி சும்மா கிடந்ததால். இவற்றில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிப்பது வீண். ஒருவரைக் கவரத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் வாசித்தவரை எனக்குத் தெரியும். இசைக்காகவே உயிர் வாழ்வதாகச் சொல்லி ஆறு வாரங்களில் விட்டவரையும் தெரியும்.

கேரி மெக்பர்சன் என்ற ஆய்வாளர் ஆஸ்திரேலியாவில், இசைக்கருவி கற்கத் தொடங்கும் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். எவ்வளவு காலம் இதை வாசிப்பாய் என்று தொடக்கத்திலேயே கேட்டிருக்கிறார்கள். நீண்ட காலம் வாசிப்பேன் என்று சொன்ன பிள்ளைகள், அதே அளவு பயிற்சி செய்த மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னேறினார்கள். முதலில் இதைப் படித்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் "உன்னிடம் இருக்கிறதா, இல்லையா" என்ற தீர்ப்பாகவே தோன்றியது. பிறகு என் பத்தொன்பது வயதை நினைத்துப் பார்த்தேன். அன்று யாராவது கேட்டிருந்தால், "ஒரே ஒரு பாட்டு வந்தால் போதும்" என்றிருப்பேன். அந்தப் பாட்டில் எஃப் இருந்தது. அது வராதபோது பிடித்துக்கொள்ள வேறொன்றும் என்னிடம் இல்லை. முப்பத்திரண்டு வயதில் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்டிருந்தால்? அவர் பாடும்வரை, என்றிருப்பேன். ஒரே ஆளிடமிருந்து இரண்டு பதில்கள் வருகின்றன என்றால், அந்தப் பதிலைப் பிறவிக்குணம் என்று சொல்ல மாட்டேன்.

மார்ச் 2

தினமும் என்ன செய்கிறேன் என்று கேட்டவருக்கு.

கிட்டார் உறையில் இருப்பதில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் தாங்கியில் நிற்கிறது. வெயிலும் ஈரமும் படாத இடம். கை நீட்டினால் எட்ட வேண்டும், அதுதான் ஒரே விதி. எடுத்ததும் சுருதி சேர்ப்பேன், நேற்றுச் சேர்த்திருந்தாலும் சேர்ப்பேன். பிறகு ஆறாம் தந்தியை மட்டும் ஒருமுறை மீட்டுவேன். அந்தத் தடித்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. பெட்டி மார்போடு ஒட்டியிருப்பதால் அதிர்வு முதலில் விலா எலும்புக்கு வந்து சேரும். சில நாட்கள் அதற்காகவே எடுக்கிறேன். வேலையில் மோதிவிட்டு வந்த மாலைகளில் அந்த ஒரு தந்திக்குப் பிறகு மூச்சு சீராவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

விரல் நுனி காய்த்துப்போவதைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அது சில வாரங்களில் முடிந்துவிடும். அதைவிட நீண்டது கார்ட் மாற்றும் துன்பம். ஜியிலிருந்து சிக்கு விரல்கள் போய்ச் சேர்வதற்குள் தாளம் நின்றுவிடும். எல்லோரும் அங்கே என்ன செய்கிறோம்? இடக்கை சரியாக அமரும்வரை வலக்கையை நிறுத்திக் காத்திருக்கிறோம். அப்படியே மாதக்கணக்கில் போகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பாட்டு அறுந்துபோகிறது. அறுந்த பாட்டைக் கேட்டுக் கேட்டு மனம் விட்டுப்போகிறது.

அக்காவோடு வாசித்தபோது காத்திருக்க வழியே இல்லை. பாடுகிறவர் நிற்க மாட்டார். இடக்கை வந்து சேரவில்லை என்றாலும் வலக்கை போய்க்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வெற்றுத் தந்திகள் ஒலித்தன, பாதி கார்ட் ஒலித்தது, சில சமயம் வெறும் சத்தம். ஆனால் தாளம் நிற்கவில்லை. மூன்று வாரங்களில் இடக்கை தானாக ஓடிவந்து சேர்ந்துகொண்டது. நான் அறிந்த ஒரே ரகசியம் இதுதான், இலவசமாகத் தருகிறேன்: வலக்கையை நிறுத்தாதீர்கள்.

மார்ச் 3

தினமும் வாசித்தால் பரிசு தருவதாக மகனிடம் சொல்லலாமா என்று ஒரு தாய் கேட்கிறார். வேண்டாம் அம்மா. மார்க் லெப்பரும் உடனிருந்த ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. விரும்பிப் படம் வரைந்துகொண்டிருந்த சிறு குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசு வாங்கிய அந்தக் குழந்தைகள், பின்னர் சும்மா விட்டபோது முன்புபோல் வரையவில்லை. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. மகன் வாசிக்கும்போது நீங்கள் அதே அறையில் உங்கள் வேலையைச் செய்துகொண்டிருங்கள். பாடத் தெரிந்தால் பாடுங்கள்.

மார்ச் 21

"இருபது ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டேன், இனி என்ன பயன்" என்று எழுதியவருக்கு இரண்டு வாழ்க்கைகளைச் சொல்கிறேன்.

ஆந்த்ரேஸ் செகோவியா 1893இல் ஸ்பெயினில் பிறந்தார். கிட்டாரைப் பெரிய கச்சேரி அரங்குகளுக்குக் கொண்டுசென்றவர். தொண்ணூறு வயதைக் கடந்தும் மேடையேறினார். கையிலிருந்து கருவியை இறக்கவே இல்லை.

எலிசபெத் காட்டன் அதே 1893இல் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பெண். இடக்கைக்காரர். வலக்கைக்காரர்களுக்காகத் தந்தி கட்டிய கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துத் தானே கற்றார். கட்டைவிரல் மெட்டை வாசிக்கும், மற்ற விரல்கள் கீழ்த்தந்திகளைப் பார்த்துக்கொள்ளும். எல்லோரும் செய்வதற்கு நேர் எதிர். சிறுமியாக இருந்தபோதே பாட்டும் கட்டினார். பிறகு தேவாலயம், குடும்பம், வேலை என்று பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடவே இல்லை. கடை ஒன்றில் வேலை பார்த்தபோது, வழிதவறி நின்ற ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். அது சீகர் என்ற இசைக் குடும்பம். பின்னர் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சுவரில் கிட்டார் தொங்கியது. எடுத்தார். விரல்களில் பாட்டு அப்படியே இருந்தது. அறுபது வயதைத் தாண்டி முதல் இசைத்தட்டு, 1985இல் கிராமி விருது.

இருவருமே 1987 ஜூன் மாதத்தில் காலமானார்கள். ஒரே காலஅளவு. ஒருவர் ஒருநாளும் வைக்கவில்லை. மற்றவர் பாதி வாழ்நாள் வைத்திருந்தார். காட்டனை யாராவது "கிட்டாரை விட்டவர்" என்று சொல்வார்களா? நீங்களும் விடவில்லை. இடைவெளி இருபது ஆண்டு, அவ்வளவுதான்.

அந்தச் சுவரில் கிட்டார் தொங்கியதும், அதைக் கேட்க அந்த வீட்டில் காதுகள் இருந்ததும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பின்னாளில் பிளாக் சபாத் ராக் குழுவின் கிட்டார் கலைஞரான டோனி அயோமிக்குப் பதினேழு வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகள் போயின. தந்தி அழுத்தும் கையின் விரல்கள். இனி வாசிக்க முடியாது என்று இருந்தவருக்கு, தொழிற்சாலை மேலாளர், ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். ஜாங்கோ 1928இல் தீவிபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போனவர். அயோமி பிளாஸ்டிக்கை உருக்கித் தனக்கு விரல் தொப்பிகள் செய்துகொண்டார். வலிமையான மன உறுதி என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இசைத்தட்டை எடுத்துவந்த மனிதரை நான் மறக்க விரும்பவில்லை.

ஏப்ரல் 6

ஒருவர் என்னை நன்றாக மறுத்திருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளாக வாசிக்கிறாராம். யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. மனைவிக்குக்கூடக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பதுதான். "உங்கள் அக்கா இல்லாமலும் கிட்டார் வாசிக்கலாம்" என்கிறார்.

ஒப்புக்கொள்கிறேன். துணை ஒருவர் வேண்டும் என்று நான் விதிபோல எழுதிவிட்டேன். எனக்கு நடந்ததை எல்லோருக்கும் ஆக்கிவிட்டேன். அவரிடம், என்ன வாசிப்பீர்கள் என்று கேட்டேன். ஒரே ஒரு பழைய மெட்டை, ஒவ்வொரு இரவும், விளக்கை அணைத்துவிட்டு. "இன்னும் அதை முழுதாகக் கேட்டு முடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். இந்த வரியை ஒரு வாரமாக மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கும் கிட்டாரிடம் ஒரு வேலை இருக்கிறது. அது தினமும் முடியாமல் மிச்சமாகிறது. என் மகளுக்கு அப்படி மிச்சமாவது தாளில்.

ஏப்ரல் 8

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி. கேப்போ மாட்டியதும் எஃப் வடிவம் ஒலித்ததாம். நட்டை இழைக்கக் கொடுத்திருக்கிறார். ஆசிரியரை மாற்றிவிட்டார். நல்லது.

மே 18

அக்காவோடு ஞாயிறுதோறும் வாசிக்கத் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. தொடங்கியபோது அவர் குரலுக்குக் கேப்போ நான்காம் ஃப்ரெட்டில் இருந்தது. ஜி வடிவங்களையே பிடிப்பேன், சுருதி பி. சில ஆண்டுகள் கழித்து மூன்று. பிறகு இரண்டு. வயதோடு குரல் இறங்குகிறது. இறங்கிய குரலில் முன்பு இல்லாத ஒரு கனமும் சேர்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒன்று. போன ஆண்டு கேப்போவைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். போன மாதம், "இன்னும் கொஞ்சம் இறக்கு, தம்பி" என்றார்.

ஜிக்குக் கீழே எஃப். வேறு வழிகளைத் தேடினேன். கிட்டாரையே இரண்டு ஃப்ரெட் அளவு சுருதி குறைத்துக் கட்டினேன். என் மெல்லிய தந்திகள் தளர்ந்து ஃப்ரெட்டில் இரைந்தன. கேப்போவை மூன்றில் மாட்டி டி வடிவங்களில் வாசித்தேன். கீழ்த்தந்திகளின் ஆதாரம் போய்விட்டது. "பாட்டுக்குக் கீழே தரையே இல்லை" என்றார் அக்கா. சரியாகச் சொன்னார். ஒன்றில் மாட்டி இ வடிவங்களில் வாசித்தேன். தரை திரும்பியது, ஆனால் அந்தப் பாட்டுக்கு அங்கே சி ஷார்ப் மைனர் வேண்டும், அதற்கும் விரலைப் படுக்கவைக்கத்தான் வேண்டும்.

ஜூன் 1

நேற்றுக் கேப்போ இல்லாமல் எஃப் சுருதியிலேயே வாசித்தேன். எஃப், டி மைனர், பி ஃப்ளாட், சி செவன். நட் சரியாக இருக்கும் கிட்டாரில்கூட, ஐம்பத்தொரு வயதுக் கைக்கு எஃப்பும் பி ஃப்ளாட்டும் மாறி மாறி வரும் பாட்டு எளிதில்லை. பல்லவி சுத்தமாக ஒலித்தது. ஆறாம் தந்தியில் அந்த எஃப் இறங்கியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் சரணத்தில் ஆட்காட்டி விரல் சோர்ந்து இரண்டு தந்திகள் அடங்கிவிட்டன. அக்கா பாடிக்கொண்டே போனார். நான் வலக்கையை நிறுத்தவில்லை.